காவல் நாய் வாலாட்டக் கூடாதாம்

என் கணவர் துபாயில் பதினோரு வருஷம் ஒரு கம்பெனி யார்டில் லாரி ஓட்டினார். அங்கிருந்து அவர் கொண்டுவந்ததில் எனக்கு உபயோகப்பட்டது ஒரு மிக்ஸி. உபயோகப்படாதது, நாய் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்த படம். யார்டு கேட்டில் இரண்டு டாபர்மேன் நிற்குமாம். காது இரண்டும் கூராக நிமிர்ந்திருக்குமாம், வால் என்ற ஒன்றே இருக்காதாம். "பார்த்தாலே அல்லு உட்டுடும்" என்பார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான்.

ஊருக்கே திரும்பி வந்து மரக்காணத்தில் அவர் அத்தாவின் உப்பளத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகு அந்த ஆசைக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. சுனாமியில் சேறு ஏறிப்போன பாத்திகளைச் சரிசெய்து, தண்ணீர் இறைக்கப் புது டீசல் இஞ்சின் போட்டிருந்தோம். மூன்றே மாதத்தில் அதை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரமே சென்னையில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து குட்டியோடு வந்து இறங்கினார். இரண்டரை மாதக் குட்டி. இந்த ஜாதிக்குப் பிறந்த வாரத்திலேயே வாலையும், கொஞ்சம் வளர்ந்ததும் காதையும் வெட்டிவிடுவது வழக்கமாம். அந்த வீட்டு அம்மா மனசு வராமல் விட்டுவிட்டாராம். அதனால் காது இரண்டும் வெற்றிலை மாதிரி தொங்க, நீளமான வாலோடு முழுசாக வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் தொழுகை உண்டு, நாயை உள்ளே விடமாட்டோம். காவலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்பதால் கொல்லைப்புறக் கொட்டகையில் கட்டினோம். மீன்காரம்மா வந்தாலும் வாலாட்டியது, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவருக்கும் ஆட்டியது. வால் ஆடுகிற வேகத்தில் குட்டி தானே தடுமாறி விழும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்குக் கோபம் வரும்.

"காவல் நாய் வாலாட்டலாமா? நாளைக்குத் திருடன் வந்தாலும் இப்படித்தான் ஆட்டிக்கினு நிப்பான்."

"குட்டிங்க அது. ஆட்டாம என்ன செய்யும்?"

"வாலை எடுத்துட்டா எதை ஆட்டும்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மனுஷன் நிஜமாகவே அப்படி யோசித்திருக்கிறார். பிள்ளை ரொம்ப சிரிக்கிறது என்று வாயைத் தைத்துவிடுவீர்களா என்று கேட்டேன். எதைச் சொன்னாலும் குறுக்கே பேசுகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து தினம் ஒரு காரணம். வால் உப்புத்தண்ணீரில் இழுபட்டுப் புண்ணாகும் என்றார். எங்கள் அளத்தைச் சுற்றிப் பத்து நாட்டு நாய் வாலோடு ஓடுகிறதே, ஒன்றுக்காவது புண் காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் நாட்டு நாய்" என்றார். ஏதோ நாட்டு நாயின் வாலை உப்பு ஒன்றும் செய்யாது, சீமை நாயின் வாலைத்தான் தேடிப் பிடித்து அரிக்கும் என்பதுபோல. அடுத்த நாள் தொங்குகிற காதில் சத்தம் ஏறாது என்றார். அப்போது குட்டி மூன்று வீடு தள்ளி மீன் அரிகிற சத்தத்துக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தது.

அளத்து மேஸ்திரிக்கு இந்த விஷயம் தெரிந்ததும் தானே செய்து தருவதாக வந்து நின்றார். அவர்கள் பக்கத்தில் காவலுக்கு வளர்க்கிற குட்டிக்குக் காது நுனியை பிளேடால் எடுத்து, அந்தத் துண்டைச் சுட்டு அதற்கே தின்னக் கொடுப்பார்களாம். அப்படிச் செய்தால் நாய்க்கு ரோஷம் வருமாம். என் கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"சே சே, காட்டுமிராண்டித்தனமா இருக்குதே! நான் பாண்டில டாக்டர்கிட்ட கொண்டு போறேன்பா."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஏன் பாய், நான் அறுத்தா காட்டுமிராண்டி, டாக்டரு அறுத்தா மட்டும் நாகரிகமா?"

எனக்கு எழுந்து போய் அவருக்கு ஒரு மாலை போடலாம் போல இருந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. பிளேடுதான் நல்லது, டாக்டர் வெட்டினால் ரோஷம் வராது என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் குட்டி படுத்துக்கொண்டு இரண்டு பேருக்குமே வாலாட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக நான் சொன்னது ஒன்றுதான் அவரைக் கொஞ்சம் நிறுத்தியது. "அல்லாஹ் படைச்ச காதுங்க அது. மாத்தறதுக்கு நாம யாரு?" இரண்டு நாள் காதைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. தப்பித்தது குட்டி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்தவர், மாட்டுக்கு மூக்கு குத்துகிறோமே, ஆட்டுக்குக் காதில் அடையாளம் போடுகிறோமே என்று ஆரம்பித்தார். எனக்கு அலுத்துவிட்டது. வெயிலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "எப்படியோ கொண்டு போய்த் தொலைங்க" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் வந்த வார்த்தை. அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவர் அப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

பாண்டிச்சேரிக்கு வாடகை வேனில் போனோம். குட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். டாக்டர் சின்ன வயசுக்காரர், நியாயமாகத்தான் பேசினார்.

"இது அழகுக்குப் பண்றது சார். நாய்க்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. வால்ல எலும்பு இந்நேரம் முத்திப் போயிருக்கும், பெரிய ஆபரேஷனா ஆகிடும். இப்படியே விட்டுடுங்களேன்."

"நீங்க செய்யலன்னா வேற எடத்துல செஞ்சுக்கிறேன், டாக்டர்."

டாக்டர் சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "மயக்க மருந்துகூட இல்லாம எவனாவது பண்ணிடுவான். அதுக்கு நானே பண்றேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை, ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இன்னொரு வாய் துணைக்கு வேண்டியிருந்தது. என்னைப் பார்க்கவும் செய்தார். வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது புருஷனோடு வாக்குவாதம் செய்ய வெட்கப்பட்டுக்கொண்டு நான் குட்டியை மேஜைமேல் விட்டுவிட்டு வெளியே வந்தேன். இந்த விஷயத்தில் எனக்கு என் மேல் வருகிற எரிச்சல் அவர் மேல் வருவதைவிடக் கொஞ்சம் அதிகம்.

திரும்பும்போது குயிலாப்பாளையம் திருப்பத்தில் டீக்கு நிறுத்தினோம். தலையிலும் பின்பக்கமும் கட்டோடு குட்டி என் மடியில் கிடந்தது. மொபெட்டில் வந்த ஒரு வெள்ளைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு நல்ல தமிழில் பிடித்துக்கொண்டார். "உங்க காதை வெட்டினா நீங்க சும்மா இருப்பீங்களா?" என் கணவர் டீக்கடைப் பெஞ்சுக்குக் கீழே படுத்திருந்த தெரு நாயைக் காட்டினார். அதன் ஒரு காதில் நுனி இல்லை. "அது யார் வெட்டுனதுங்க?" அந்தம்மா விளக்கினார். கருத்தடை செய்த நாயைத் திரும்பப் பிடித்து அறுக்கக் கூடாது என்பதற்கு அது அடையாளமாம், மயக்கத்தில் இருக்கும்போதே எடுப்பதாம். "உங்களுக்கு ஒரு காரணம் இருந்தா எனக்கும் ஒண்ணு இருக்கும்ல" என்றார் இவர். அந்தக் காரணமும் இந்தக் காரணமும் ஒன்றா என்று எனக்கு வாய் வரை வந்தது. அதற்குள் இரண்டு பேரும் குரலை உயர்த்திவிட்டார்கள். என் மடியில் மயக்கம் தெளிந்து முனக ஆரம்பித்த குட்டியை இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுந்து வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வெட்டினால் மட்டும் காது நிற்காது என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். வாரக்கணக்கில் பிளாஸ்திரி சுற்றி நிமிர்த்திக் கட்ட வேண்டும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்தப் பிளாஸ்திரி நிற்கும்? காலையில் கட்டினால் மத்தியானம் தொங்கும். கட்டுவது நான்தான். குட்டியின் ஈரமும் சீழும் பட்ட உடுப்போடு தொழ முடியாது என்பதால் ஒவ்வொரு வேளைக்கும் கையைக் காலைக் கழுவி, வேறு புடவை மாற்றி, பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த பிறகுதான் தொழுகைப் பாய்க்கு ஓடுவேன். அவருக்கு நாயும் வேண்டும், அதைத் தொடவும் கூடாது.

வால் புண்தான் இன்னும் மோசம். நாய் உட்கார்ந்தால் அந்த இடத்தில்தானே உட்காரும். ஆறவே இல்லை. அப்போது என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. உப்பளத்துக்காரர்களுக்கு உப்புதான் சர்வரோக நிவாரணி. வெட்டுக்காயம், சொத்தைப் பல், கால் வெடிப்பு எதுவானாலும் உப்புத்தண்ணீர்தான். "அளத்துல ரெண்டு நாள் வுட்டா காஞ்சிடும்" என்று நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அது போய் ஈர வரப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது கத்தின கத்தலில் பாத்தியில் வேலை செய்தவர்கள் எல்லாம் உப்பு இழுக்கிற பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்களாம். வாலை உப்புத்தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று வெட்டிய மனுஷன், வெட்டிய இடத்தை அதே தண்ணீரில் கொண்டு போய் வைத்தார். நான் அன்றைக்கு அழுதேன். வாயில் வந்ததை எல்லாம் பேசவும் செய்தேன்.

ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு காது நின்றது. இன்னொன்று பாதியில் மடிந்துகொண்டது.

அடுத்த வருஷம் உப்பு வாரும் நாட்களில் அதை அளத்திலேயே விட்டார்கள். நன்றாக வளர்ந்து, கறுப்பாக, பெரிய மாரோடு நின்றது. ஆனால் குணம் மாறவில்லை. ஆளைக் கண்டால் அப்போதும் அதற்குக் கொண்டாட்டம்தான். வால் இல்லாததால் இடுப்புக்குப் பின்னால் மொத்த உடம்பும் ஆடும். பல்லும் கொஞ்சம் தெரியும். அது சந்தோஷம் என்று எனக்குத் தெரியும், கூடவே கிடந்து கட்டுப்போட்டவள் இல்லையா? மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் அளத்தில் பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரிசையாக வரப்பில் நடந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். ஓர் அடி அகல வரப்பு. கூடையோடு குனியவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. எதிரே நாய் வந்தால் கடைக்கண்ணால் வாலைத்தான் பார்ப்பார்கள். ஆடினால் நடப்பார்கள், விறைத்திருந்தால் நின்றுவிடுவார்கள். ஒரு நாள் காலை, வரிசையில் முதலில் வந்தவளைப் பார்த்து இது உடம்பை உலுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. அவள் கூடையைப் போட்டுவிட்டுப் பாத்திக்குள் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அது கடிக்க வரவில்லை, ஆசையாகத்தான் ஓடி வந்தது என்று சொன்னேன். அதற்காக அவள் என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

"இருக்கும் பாயம்மா. ஆனா அது எனக்கு எப்படித் தெரியும்? சொல்றதுக்கு அதுக்கிட்ட என்னாத்த வுட்டு வச்சீங்க?"

வச்சீங்க என்று அவள் சொன்னதில் நானும் உண்டு. நான் பழத்தையும் பிஸ்கட்டையும் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாய் அவிழ்ந்து கிடந்தால் வேலைக்கு வரமாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம். அளத்துக் கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினோம். நான் தினம் சாப்பாடு கொண்டு போவேன். என் தலை தெரிந்ததும் சங்கிலி சத்தத்தோடு பின்பாதி முழுவதும் ஆடும். இந்த நேரத்தில் என் கணவர் திரும்ப துபாய் போவதற்கான விசா வேலையாகச் சென்னையில் மூன்று வாரம் தங்கிவிட்டார். வந்த அன்றைக்கே அளத்துக்கு வந்தார். வேலை ஆட்கள் போய்விட்டார்கள், கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று நான் சங்கிலியை அவிழ்த்திருந்தேன்.

மூன்று வாரம் பார்க்காத எஜமான். அது பாய்ந்து ஓடியது. உடம்பு இரண்டாக ஒடிகிற மாதிரி ஆடிக்கொண்டு, பல் தெரிய, வரப்பில் நேராக அவரை நோக்கி ஓடியது. நான் கத்துவதற்குள் அவர் கீழே கிடந்த உப்புப் பலகையை எடுத்து அதன் முகத்தில் ஓங்கி அடித்துவிட்டார். அது ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு வயிறு தரையில் பட அங்கேயே படுத்துக்கொண்டது.

"பார்த்தியா, என்னியே கடிக்க வர்றான்!" பலகையை விடாமல் கத்தினார்.

"வாலாட்டிக்கினுதான் வந்தான்" என்றேன். "உங்களைப் பார்த்த சந்தோஷத்துல வாலாட்டிக்கினு வந்தான்."

அவர் நாயின் பின்பக்கத்தைப் பார்த்தார். பலகையைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு அது யாரையும் பார்த்து ஓடவில்லை. என்னைப் பார்த்தும் இல்லை. சோற்றை வைத்தால் நான் திரும்பிப் போகும் வரை அசையாமல் விறைத்து நிற்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் இது நல்ல காவல் நாயாக ஆகியிருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.