பலகையில் ஒரு பச்சைப் புள்ளி

கணினி விஞ்ஞானி என்று சொன்னால் ‘அப்படியா’ என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மறுநாளே ஓடாத பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற தெருவில்தான் அவள் குடியிருந்தாள். அதிலும் அரைநாள் கணினி விஞ்ஞானி என்றால் கேட்கவே வேண்டாம். மத்தியானம் சாப்பிட்ட கையோடு கிளம்பிப் போய் ஏழு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவள் அப்படி என்ன விஞ்ஞானம் பண்ணிக் கிழிக்கப் போகிறாள் என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குத் தீராத சந்தேகம். மாமனார் அவளுக்கு வைத்த பேர் ‘அரை விஞ்ஞானி’. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அரை டிக்கெட், முழு டிக்கெட் என்று பார்த்தே பழகிய கண்ணுக்கு மருமகள் அரை டிக்கெட்டாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. கிண்டலில் பாசம் இருந்தது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

வேலை என்னவோ முழு வேலைதான். ஆறுகளிலும் அணைகளிலும் தண்ணீர் அளக்கிற கருவிகள் அனுப்பும் எண்களெல்லாம் அவளுடைய ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேரும். அந்தக் கருவிகளில் பாதி, பாதி நாள் வாயே திறக்காது. எலி ஒயரைக் கடித்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், எவனாவது கழற்றி எடைக்குப் போட்டிருப்பான். எண் வராத அந்த இடத்தில் என்ன எண் இருந்திருக்கும் என்று பழைய வழக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அதற்கு வழி கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அங்கே ஒரு கண்டிப்பான முறை உண்டு. கருவி பார்த்துச் சொன்ன எண்ணை அடர்ந்த நிறத்தில் காட்ட வேண்டும், ஊகித்த எண்ணை வெளிர்நிறத்தில் காட்ட வேண்டும். கருவி நாள்கணக்கில் பேசாமல் கிடந்தால் ஊகத்தின் நிறமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் வெற்றிடமாகிவிடும். “இல்லாததை இருக்கிற மாதிரி காட்டலாம்மா, தப்பில்ல. ஆனா அது ஊகம்னு பார்த்தவுடனே தெரியணும்” என்று பிரிவுத் தலைவர் வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லுவார்.

இந்த அலுவலகப் புத்தியை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். பழைய டேப்லெட் ஒன்றைச் சமையலறைச் சுவரில் மாட்டி, வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று காட்டுகிற மாதிரி செய்து வைத்தாள். வீட்டு வைஃபையில் யாருடைய போன் வந்து ஒட்டிக்கொள்கிறதோ அவர் பேருக்கு நேரே பச்சைப் புள்ளியும் ‘வீட்டில்’ என்ற சொல்லும் வரும். போன் விலகினால் புள்ளி போய் ‘வெளியே’ என்று மாறும். அம்மா, அப்பா, தாத்தா, சுண்டு என்று நாலு பேர். சுண்டு என்பது நாலாம் வகுப்புப் படிக்கிற மகள், அவளுடைய பள்ளிப் பையில் வைஃபை பிடிக்கிற பொத்தான் போன் ஒன்று கிடக்கும். மாமனார் அதைப் பலகை என்றார். அப்புறம் எல்லாருக்கும் அது பலகைதான்.

கணவர் லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ஓட வைப்பார், தன் போனுக்குச் சார்ஜ் போட மட்டும் வராது. சாயங்காலம் ஆறேகாலுக்கு, வாசலில் காத்து நிற்கும் மாமனாரைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும்போது போன் உயிரோடு இருந்தால் அதிசயம். தட்டில் கை வைத்துக்கொண்டே, “நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்து சாப்பிடறேன், உன் பலகை என்னைத் தெருவுல விட்டிருக்கு பாரு” என்பார். அதற்காகவே அலுவலக முறையை அவள் பலகையிலும் சேர்த்தாள். போன் பேசாவிட்டால் வழக்கத்தை வைத்து ஊகித்துக்கொள்ளும், ஊகம் என்பதால் புள்ளி வெளிர்பச்சையாக இருக்கும். “பாரு, இப்பதான் என்னை வீட்டுல சேர்த்துக்கிட்டா” என்று தன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார் அவர்.

அவர் ஒரு நாள் வேலைக்குப் போன கட்டடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

வந்தவர்களெல்லாம் போய் வீடு அடங்கிய சாயங்காலம், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள் பலகையைப் பார்த்தாள். அப்பா, வீட்டில். வெளிர்பச்சைப் புள்ளி. மணி ஆறேகால். எடுத்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள். ஏன் என்று தெரியாமலில்லை, எழுதினவளே அவள்தானே! போன் பேசவில்லை, ஆகவே வழக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் காலை அவர் வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்குப் புள்ளி போய் ‘வெளியே’ என்று வந்தது. சாயங்காலம் மறுபடி வீட்டில்.

பேரை எடுத்துவிடுவது ஒரு நிமிட வேலை. எடுக்கவில்லை. ஊகத்தை மட்டும் நிறுத்தினால் பகலும் இரவும் ‘வெளியே’ என்று நிற்கும். வெளியே போனவர் என்றால் திரும்பி வருவார் என்றல்லவா அர்த்தம்? அந்தச் சொல்லைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. பலகைக்கு மூன்றாவதாக ஒரு சொல் சொல்லிக் கொடுக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. தானாகவே மங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அது மங்கவும் செய்தது. பலகையை அலுவலகத் திரையின் ஓரத்திலும் சின்னதாக வைத்திருந்தாள். ஆறேகால் ஆனால் கண் தானாக அங்கே போகும். வாரத்துக்கு வாரம் பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. அது வெளுக்க வெளுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது முறையாக அவர் தன் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது. மாமனார் தட்டைப் பார்ப்பார், அவள் முகத்தைப் பார்ப்பார், எழுந்து போவார்.

ஒரு சாயங்காலம் அலுவலகத்தில் அந்தப் புள்ளி எரிந்தது. வெளிர்பச்சை இல்லை, நல்ல அடர்ந்த பச்சை.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். அடர்பச்சை என்றால் ஊகம் இல்லை, பார்த்தாயிற்று என்று அர்த்தம். அந்த வழியாகப் போன பிரிவுத் தலைவர் நின்றார்.

“ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? உடம்பு சரியில்லையா?”

“லேசா தலைவலி சார்.”

“வீட்டுக்குப் போயேன். அரைநாள்ல அரைமணி குறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது.”

அவள் போகவில்லை. போனால் என்ன பார்ப்போமோ என்று பயம். அதைவிட, போய் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பெரிது. எந்த எண்ணையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் நம்பாதவள், எந்தப் போன் எப்போது வந்தது என்று பலகை எழுதி வைக்கும் பதிவைத் திறந்து பார்த்தால் போதும் என்று தெரிந்தவள், பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. நாள் போகப் போக ஆறேகால் பச்சைக்கு மனம் பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். குளியலறைக் கதவு ஒருக்களித்துக் கிடந்தால் அதைச் சாத்த மாட்டாள். கொடியில் அவருடைய துண்டு இருக்கும் பக்கம் திரும்பாமல் நடப்பாள், திரும்பினால் அசைவது நின்றுவிடும் என்பதுபோல. பயம்தான். ஆனால் அந்தப் பயம் அவளுக்கு வேண்டியிருந்தது. பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் சோறும் இறங்கியது.

தையல்காரம்மா ஒரு நாள் படியிலேயே மடக்கினாள். “உன் பொண்ணு ஸ்கூல் விட்டதும் நேரா எங்க வீட்டுக்குத்தான் வருது, தெரியுமா? நீ வர்ற சத்தம் கேட்டாத்தான் கிளம்புது. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, பாவம், ஒரு மூலையில உக்காந்து துணியெல்லாம் மடிச்சுத் தருது. ஆனா சொந்த வீட்டுக்குப் போக ஒரு குழந்தை ஏம்மா பயப்படணும்?”

தையல்காரம்மாவின் பெண்ணோடு விளையாடத்தான் சுண்டு போகிறாள் என்று அவளும் மாமனாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள். சுண்டு ஒரே மூச்சில் கொட்டினாள்.

“பலகைல அப்பா வீட்டுலன்னு போட்டிருந்துச்சும்மா. முன்ன மாதிரி வெளுப்பா இல்ல, நல்ல பச்சையா. நான் எல்லா ரூம்லயும் தேடினேன். கட்டிலுக்கு அடியில பார்த்தேன், அலமாரியத் திறந்து பார்த்தேன். தாத்தா ரூம் மட்டும் சாத்தியிருந்துச்சு. அப்பா, அப்பான்னு மெதுவா கூப்பிட்டேன். வரவே இல்ல.” உதடு துடித்தது. “வீட்டுலதான் இருக்கார்னா எங்கிட்ட ஏம்மா வர மாட்டேங்கறார்? எம்மேல கோவமா?”

மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தான் சுகமாகப் பயந்துகொண்டிருந்த வீட்டில் தன் குழந்தை தனியாக நின்று அப்பனைத் தேடியிருக்கிறது. இது தாயா, பேயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்த உடனே பதிவைத் திறந்தாள். மாயம் ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் அவருடைய போனேதான் வீட்டு வைஃபையில் வந்து ஒட்டியிருக்கிறது. அவர் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு பையில் போட்டுக் கொடுத்த போன் அது. பையைப் பிரிக்காமலே அலமாரியின் அடித்தட்டில் அவள்தான் வைத்தாள். ஆறேகாலுக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆறு மணிக்கு முன்பே கணினியை மூடிவிட்டு, பிரிவுத் தலைவரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஆட்டோ பிடித்தாள்.

வீடு சத்தமில்லாமல் கிடந்தது. மாமனார் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

அவர் கட்டிலின் ஓரத்தில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் மகனுடைய போன். பூட்டெல்லாம் போடத் தெரியாத மனுஷனின் போன், சுண்டுவின் படத்தோடு எரிந்துகொண்டிருந்தது. சார்ஜர் ஒயர் வளைந்து சுவருக்குப் போயிருந்தது. மருமகளைக் கண்டதும் திருடிக் கையும் களவுமாக அகப்பட்டவர்போல் போனைத் துண்டால் மூடினார்.

“மாமா, நீங்களா?”

“உள்ள வாம்மா. கத்தாத.”

“எதுக்கு மாமா இப்படிப் பண்ணீங்க?”

அவர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். “போனை அணைச்சா பலகையில பச்சை போயிடும்ப்பான்னு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அவன் போன பிறகும் அந்தப் பச்சை வந்துச்சு. நீ அதைப் பார்த்துட்டுத்தான் தட்டு முன்னாடியே உக்காந்தே. அப்புறம் அது வெளுத்துக்கிட்டே வந்துச்சு, நீயும் வெளுத்துக்கிட்டே வந்தே. ஒரு வாய் சோறு இறங்கல உனக்கு. பையனைத்தான் வாரிக் கொடுத்தேன், உன்னையுமா கொடுக்க முடியும்? அதான் அந்தப் பையைப் பிரிச்சு போனை எடுத்து உயிர் கொடுத்தேன். நீ சாப்பிட்டியா இல்லியா, சொல்லு.”

அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு, சுண்டு வீட்டில் தேடியதைச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் பார்த்ததையும், அப்பாவுக்குத் தன்மேல் கோபமா என்று கேட்டதையும் சொன்னாள். கிழவர் முகம் சட்டென்று கறுத்துப்போயிற்று.

“என் கதவைக்கூட வந்து பார்த்துச்சா?” என்றார். “பேசாம இருந்தேனே! சத்தம் போட்டா மாட்டிக்குவேன்னு உள்ளயே மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேனே!” போனை அணைத்து அவள் கையில் கொடுத்தார். “இந்தா. இனிமே வராதில்ல?”

“வரும் மாமா.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க தினமும் காட்டுனீங்க இல்ல, அது மறுபடி புதுசா நம்ப ஆரம்பிச்சிருக்கும். போன் இல்லாட்டியும் ஊகிச்சுக்கிட்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் மறக்கும்.”

“எவ்வளவு நாளாகும்?”

“நான் வச்ச கணக்குப்படி எட்டு மாசம்.”

கிழவர் சார்ஜர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டினார்.

“எட்டே மாசத்துல மறந்துடுமா?” என்றார். “கொடுத்து வச்ச மெஷின்.”

குழந்தைக்கு எட்டு மாதம் பொறுக்காது. தையல்காரம்மா வீட்டுக்குப் போய்ச் சுண்டுவைக் கூட்டி வந்தாள். பலகை முன்னால் நிறுத்தி, யார் என்ன செய்தார்கள், ஏன் பச்சை வந்தது என்று ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். “அப்பாவுக்கு உம்மேல கோவமே கிடையாது. அப்பா வீட்டுல இல்ல. வெளியேயும் போகல. செத்துட்டார் சுண்டு.” அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்வது அதுவே முதல் தடவை. பிறகு சுண்டுவின் கண் முன்னாலேயே பேரை எடுத்தாள். நிமிடம்கூட ஆகவில்லை. கீழே இருந்த இரண்டு பேர்களும் ஒரு வரி மேலே நகர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டன. மாமனார் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அலுவலகத்தில் ஆறேகாலுக்குக் கண் பழையபடி திரையின் ஓரத்துக்குப் போயிற்று. மூன்று பேர். அவள் ‘வெளியே’ என்றிருந்தாள். தாத்தாவுக்கு அடர்பச்சை. சுண்டுவுக்கும் அடர்பச்சை. பள்ளிப் பையில் கிடக்கிற அந்தப் பொத்தான் போனின் புள்ளி இந்த நேரத்துக்கு வீட்டில் எரிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

“சுண்டு, வந்துட்டியா? பயமா இருக்கா?”

“இல்லம்மா. தாத்தாகூட வாசல்ல நிக்கறேன்.”

“வாசல்லயா? எதுக்கு?”

“தாத்தா நின்னுட்டு இருந்தார். யார் வராங்க தாத்தான்னு கேட்டேன். யாரும் வரலைடா, பழக்கம்னு சொன்னார்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அழறார்மா. அதான் நானும் கூட நிக்கறேன்.”

அவள் கணினியை மூடவில்லை. பையை மட்டும் எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள்.