நடுப்பாட்டில் போர்த்திய சால்வை

அந்தச் சாயங்காலம் நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. டிரம்பெட் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தன் முறையை வாசிக்கத் தொடங்கினார்.
2. என் நைனா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடையின் பக்கவாட்டுப் படியில் ஏறினார்.
3. கையில் இருந்த ரோஸ் நிறச் சால்வையை உதறி விரித்தார்.
4. வாசித்துக்கொண்டிருந்தவரின் தோளில் போர்த்தினார். ஜரிகைக் கரை முன்னால் சரிந்து டிரம்பெட்டின் வாயை மூடியது.
5. டிரம்பெட் சத்தம் நின்றது.
6. கூட்டம் கை தட்டியது. அன்றைக்கு விழுந்த கைதட்டலில் அதுதான் பெரியது.

நான் கூடத்தின் பின்பக்கம், ஒலி மிக்ஸர் முன்னால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். விசேஷங்களுக்கு மைக் வேலை செய்வதில் எனக்கு ஊரில் கொஞ்சம் பெயர் உண்டு. செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் போன கோடை விடுமுறையில் ஜாஸ் முகாம் நடத்தினார்கள். ஒலி வேலை என்னுடையது. சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் மூன்று பேர். சென்னையிலிருந்து டிரம்பெட் மாஸ்டரும் பியானோ மேடமும், புதுச்சேரியிலிருந்து டிரம்ஸ் மாஸ்டரும். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை தெரியும் வகுப்பறையில், செஞ்சிப் பிள்ளைகளும் தொண்டூரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுமாகப் பாடம் நடக்கும்.

எனக்கு அந்தச் சங்கீதம் புதிது. எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். அந்த முறையில் அவர் மனதில் அப்போது தோன்றுவதை வாசிப்பார்; மற்றவர்கள் அடக்கமாகக் கீழே தாங்கிக்கொண்டே போவார்கள். ஒருவருடைய முறையில் இன்னொருவர் நுழையக்கூடாது, என்ன ஆனாலும் கீழே ஓடுவது நிற்கக்கூடாது. முகாமில் இருந்த விதிகள் இவ்வளவுதான்.

"ஒருத்தன் பேசறப்ப குறுக்க பூந்தா இன்னா பண்ணுவ? ஒதைப்பல்ல?" என்று டிரம்ஸ் மாஸ்டர் கேட்டார். "எங்க வூட்ல எல்லாரும் ஒரே நேரத்துலதான் மாஸ்டர் பேசுவோம்" என்றாள் ஒரு தொண்டூர்ப் பெண். "அப்ப ஒங்க வூட்லயே ஜாஸ் இருக்குது, இங்க இன்னாத்துக்கு வந்த?" என்றார். வகுப்பே சிரித்தது.

டிரம்பெட் மாஸ்டர் மட்டும் முகாம் முழுக்க வாசிக்கவே இல்லை. வாயால் பாடிக் காட்டுவார், விரலை எப்படி அழுத்துவது என்று காட்டுவார், அதோடு சரி. பைக்கிலிருந்து விழுந்து அவருடைய முன்பல் உடைந்திருந்தது. புதுப்பல் கட்டியிருந்தார். டிரம்பெட் ஊதும்போது அதன் பாரமெல்லாம் உதட்டிலும் முன்பல்லிலும்தான் இறங்குமாம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கடைசி நாள் என் முறைய முழுசா வாசிச்சுப் பாக்கறேன். பல்லு தாங்கிச்சுன்னா மறுபடி மேடை. இல்லன்னா இனிமே வாத்தியார் வேலைதான்." சாதாரணமாகத்தான் சொன்னார். பியானோ மேடம் தட்டிலிருந்து நிமிரவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அவர் வாசித்ததை ஹெட்போனில் என் அளவுக்குக் கிட்டத்தில் கேட்டவர்கள் யாரும் இல்லை. மூச்சு உள்ளே போவதுகூடக் கேட்டது. முதலில் பயந்து பயந்துதான் வந்தார். ஒவ்வொரு சுரமும் காலை ஊன்றிப் பார்த்துவிட்டு அடுத்ததை வைப்பதுபோல இருந்தது. பிறகு பயம் விட்டது. ஒலி அகலமாயிற்று. அது மேலே ஏறத் தொடங்கிய இடத்தில் மைக்கில் 'தொப்' என்று ஒரு சத்தம். நைனாவின் கை.

மற்ற இருவரும் நிறுத்தவில்லை. விதிப்படி கீழே ஓட்டிக்கொண்டே, அவர் திரும்ப நுழைவதற்காக ஒரு சுற்று காத்திருந்தார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகு இன்னொரு சுற்றும் காத்திருந்தார்கள். மாஸ்டர் டிரம்பெட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு நைனாவைப் பார்த்துக் கை கூப்பினார். அதன்பின் எடுக்கவே இல்லை. மெட்டை அவர் இல்லாமல் முடித்தார்கள்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பியானோ மேடம் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் மிக்ஸரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டேன். நைனாவின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மை அடித்த முடி, போட்டோக்காரனுக்காக அசையாமல் நின்ற நிலை, எல்லாமே எனக்குக் கூச்சமாக இருந்தது. மேடையிலிருந்து அவர் என்னைத் தேடிக் கை காட்டியபோது நான் ஒயர் சரிபார்ப்பதுபோலக் குனிந்தேன்.

சாமான்களைக் கட்டும்போது டிரம்ஸ் மாஸ்டர், "பாட்டப் போத்திப் படுக்க வெச்சிட்டாரும்மா ஒங்கப்பா" என்றார். டிரம்பெட் மாஸ்டர் அவரை அதட்டினார். என்னிடம், "பல்லு முதல்லயே ஆட்டம் கண்டுடுச்சும்மா. உங்க அப்பா வந்து என்னைக் காப்பாத்தினாரு" என்றார். பல் ஆடவில்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த நைனாவிடம் கூட்டு ரோடு தாண்டியதும் கேட்டேன். "பாட்டு நடுவுலயா நைனா போத்துவாங்க?"

"பின்ன? முடிஞ்சா ஜனம் எழுந்து பூடும். அப்பால யாரு பாக்கறது? கூட்டம் இருக்கறப்ப போத்தனாத்தான் மரியாத." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார். "அவ்ளோ பெரிய வித்தக்காரரு. கையில இருந்தத கீழ வெச்சிட்டு என்ன கும்புட்டாரு, பாத்தியா?"

நைனா ரிடையர் ஆன பஸ் கண்டக்டர். அவருடைய அப்பா சில தெருக்களில் நடக்கும்போது தோள் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிறுவனாகப் பின்னால் நடந்துபோய் நைனா அதைப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார், அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். ஊர் பார்க்க, தன் கையால், இன்னொரு மனிதரின் தோளில் ஒரு துணியைப் போடுவதும் அவர் அதை ஏற்றுக்கொள்வதும் நைனாவுக்கு என்னவென்று நான் அந்த வண்டியில்தான் யோசித்தேன். அதுவரை அவரை நினைத்துக் கூசிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு குனிந்துகொண்ட என்னை நினைத்துக் கூசினேன். ஆனாலும் அந்தப் பாட்டு நின்றது நின்றதுதான். இதைச் சொன்னால் நைனாவுக்கு அநியாயம். சொல்லாவிட்டால் மாஸ்டருக்கு அநியாயம். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துக் கூட்டிக் கழிக்க எனக்கு வரவில்லை.

டிரம்பெட் மாஸ்டர் இப்போது சொல்லிக்கொடுப்பதோடு சரி. ரோஸ் சால்வையில் டிரம்பெட்டைச் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பதாக டிரம்ஸ் மாஸ்டர் போனில் சொன்னார். டிரம்பெட் மாஸ்டர் நைனாவைக் கும்பிடும் போட்டோ எங்கள் வீட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. இந்த மே மாதமும் முகாம் உண்டு. மூவரும் வருகிறார்கள், ஒலி வேலை என்னுடையதுதான். நைனா பச்சை நிறத்தில் இன்னொரு சால்வை வாங்கி வைத்திருக்கிறார். அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.