கரியனைத் தோற்கடித்த வழக்கில் வேப்பனப்பள்ளி வரை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பகலெல்லாம் ஓசூரில் கம்பெனி வேன் ஓட்டும் நான், வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் போனில் ஜீப்னி ஓட்டுகிறேன். ஜீப்னி என்றால் பிலிப்பைன்ஸ் நாட்டு ஷேர் ஆட்டோ மாதிரி. நீள ஜீப், உடம்பெல்லாம் பெயின்ட். அந்த நாட்டுப் பிள்ளைகளே செய்த ஆன்லைன் விளையாட்டு அது. அவர்கள் தெரு, அவர்கள் மழை, மரக்கிளையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் அவர்கள் ஊர்ப் பேய், எல்லாம் அதில் உண்டு. இறங்க வேண்டிய ஆள் "பாரா போ" என்று குரல் கொடுத்தால் வண்டியை நிறுத்த வேண்டும். எனக்கு வயது நாற்பத்தெட்டு. மானம் கருதி என் மனைவி இதை யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்லியாயிற்று.

போன மாதப் பயணத்துக்கும் இந்த ஜீப்னிதான் காரணம். என் வேனில் வரும் செல்வியும் மஞ்சுளாவும் போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். செல்வி அருப்புக்கோட்டைப் பக்கம், மஞ்சுளா கர்நாடக எல்லையோரத் தளிக்காரி. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், ஷிப்ட் விடும்வரை சும்மா இருக்க முடியாமல் நான் ஜீப்னி ஓட்டிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டார்கள்.

"அவுக ஊரு வண்டிய அவுகளே ஓட்டுறாக. நாம மட்டும் எவன் ஊருத் துப்பாக்கியவோ சுட்டுக்கிட்டு இருக்கோமேண்ணே" என்றாள் செல்வி.

கேலி என்று நினைத்தேன். இல்லை. செல்வி படம் போட, மஞ்சுளா வீடியோ பார்த்துப் பார்த்து கோடிங் கற்றுக்கொள்ள, விடுதி அறையிலேயே ஒரு விளையாட்டைச் செய்துவிட்டார்கள். பெயர் 'தட்டி'. நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாதான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், இது ஜல்லிக்கட்டு இல்லை. திமிலில் தொங்கும் வேலை கிடையாது. எருதின் கொம்பில் ஜிகினா ஒட்டிய மூங்கில் தட்டியைக் கட்டித் தெருவில் விடுவார்கள். தட்டியைப் பறித்தவனுக்குப் பெருமை. பறிகொடுக்காத எருதுக்கு அதைவிடப் பெருமை. விளையாட்டில், வேறு வேறு ஊர்களில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் ஒரே எருதைத் துரத்தலாம்.

அந்த எருதுதான் வினை. தை மாதம் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு விழாவில் பார்த்து வீடியோ எடுத்த கரியன் என்ற எருதை, நெற்றி வெள்ளை, லேசாக வளைந்த இடக்கொம்பு, பெயர் உட்பட அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சரிபார்க்க நாலு பேருக்கு அனுப்பியதில், அது எருதுக்காரர் வெங்கடப்பாவின் அக்கா மகன் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவன் விளையாடி, "கரியன் தட்டியைப் பிடுங்கிவிட்டேன்" என்று ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான். உண்மைக் கரியனின் தட்டியை இதுவரை ஒருவரும் தொட்டதில்லை. விடிந்ததும் வெங்கடப்பா போன் செய்தார். ஒன்று நேரில் வர வேண்டும், இல்லையென்றால் கரியனை எடுத்துவிட வேண்டும். மறுநாள் விளையாட்டை வெளியிடுவதாக இருந்தார்கள். அதில் எருதுகள் நடப்பது, ஓடுவது, திரும்புவது எல்லாமே கரியனை வைத்துச் செய்தது. அதை எடுத்தால் மிச்சம் வெறும் தெருதான். இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு எருதின் கொம்பில் தொங்கியது.

எனக்கு அன்று வார விடுமுறை. வீட்டில் இருந்தால் பரண் சுத்தம் செய்ய வேண்டும். "ஏறுங்க" என்றேன்.

காலை ஏழரைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிளம்பினோம். பெங்களூர் லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு சூளகிரி வர எட்டேகால். டீ பன்னிரண்டு ரூபாய், சுமார். செல்வி டீயைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். மஞ்சுளா போனில் கரியனை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தாள். எனக்கும் கால் நிற்கவில்லை. ஆக்சிலேட்டர் மேல் இருந்ததால் நல்லதாயிற்று. குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் இடது கை திரும்ப வேண்டும். ஓசூரிலிருந்து அதுவரை என் மீட்டரில் நாற்பத்தொரு கிலோமீட்டர். கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கு முன்பே திரும்பிவிடுவதால் அந்தக் காசு மிச்சம். சந்தை நாளில் மட்டும் வராதீர்கள், மாடுகள் வழி விடாது, மாட்டுக்காரர்கள் அதற்கு மேல்.

அங்கிருந்து இரண்டு பக்கமும் மாந்தோப்பு. "பாரா போ!" என்று கத்தினாள் செல்வி. நிறுத்தினேன். ஒன்றுமில்லை, பயத்தில் கத்தினாளாம். இப்படி மூன்று முறை.

வெங்கடப்பா வீட்டு வாசலில் வேப்பமரம், அதையொட்டிக் கொட்டகை, உள்ளே கரியன். நிழல் பார்த்து வேனை அங்கேயே நிறுத்தினேன். மனிதர் முண்டா பனியனோடு நாற்காலியில் இருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"யாரும்மா என் எருத தோக்கடிச்சது?"

"அது விளையாட்டுதான் சார்" என்றாள் மஞ்சுளா.

"எனக்கு விளையாட்டு இல்ல. நாலு வருசமா ஒருத்தன் கை படல. உங்க போன்ல போறவன் வர்றவன்லாம் புடுங்குவானா?"

"புடுங்கவே முடியாதுன்னா யாரும் ஆட மாட்டாங்க சார்."

"கரியனுக்கு இந்தச் சேதி தெரியுமாங்க?" என்று கேட்டேன். சூழ்நிலையை லேசாக்கலாம் என்று பார்த்தேன். செல்வி என் காலை மிதித்தாள். வெங்கடப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரு?"

"டிரைவர்."

"அப்ப வண்டிய மட்டும் ஓட்டு."

மஞ்சுளா கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அவர் தெலுங்கில் பதில் சொன்னார். இருவருக்கும் புரிந்தது, சமாதானம்தான் ஆகவில்லை. கடைசியில் போனை நீட்டி, "நீங்களே ஆடிப் பாருங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டார் மனிதர். ஓடினார், கரியன் முட்டியது. மறுபடி ஓடினார், தூக்கி எறிந்தது. ஒவ்வொரு தடவை எறியப்படும்போதும், "பாத்தியா! பாத்தியா!" என்று தொடையைத் தட்டினார். தோற்பதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. செல்வியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்போதுதான் அவர் மனைவி லட்சுமம்மா, உப்பு மிளகாய் போட்ட மாங்காய்த் துண்டுகளோடு வந்தார். "குடு இப்டி" என்று போனை வாங்கினார். அவருடைய ஆள் ஓடவே இல்லை. நேராகத் தெரு முனைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டது. அந்தத் தொட்டியை அழகுக்காகத்தான் வரைந்ததாகச் செல்வி பிறகு சொன்னாள். கரியன் ஓடி வந்து, விழாவில் எடுத்த வீடியோவில் தொட்டியருகே நின்ற மாதிரியே அங்கே மூச்சு வாங்க நின்றது. லட்சுமம்மா ஒரு விரலால் தட்டியைக் கழற்றிவிட்டார்.

வெங்கடப்பா வாயில் மாங்காய் அப்படியே நின்றது. முடிந்தது கதை என்று நான் வேன் சாவியைத் தேடினேன்.

"என்னாத்துக்கு முழிக்கிற?" என்றார் லட்சுமம்மா கணவரைப் பார்த்து. "வருசா வருசம் ஓடி முடிச்சதும் தட்டிய நான்தான கயட்டறேன்? நான் தண்ணி காட்டாம எவங்கிட்ட தல குனிஞ்சிருக்கு அது? உன்னையே ரெண்டு வாட்டி முட்டியிருக்கு."

வெங்கடப்பா மாங்காயை விழுங்கினார். "அது புடுங்கறது இல்ல" என்றார் மெதுவாக. "அது குடுக்கறது."

மஞ்சுளா சட்டென்று முன்னால் வந்தாள். "அப்ப ஆட்டத்துலயும் அப்படியே வெச்சிடறோம் சார். மத்த எருதுங்கள ஓடிப் புடிக்கலாம். கரியன ஓடிப் புடிக்க முடியாது. தினமும் தண்ணி காட்டி, தீவனம் வெச்சிப் பழகினவங்களுக்கு மட்டும் அதுவா தல குனியும்."

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"தீவனம்னா என்னா தீவனம்?"

"வைக்கோல்..." என்றாள் செல்வி.

"வைக்கோலா! பருத்திக்கொட்ட, புண்ணாக்கு போடணும். அது இருந்தா என் எருது உங்க போன்ல இருக்கட்டும். இல்லன்னா வேணாம்."

செல்வி அழுதாள், சிரித்தாள், கடைசித் துண்டு மாங்காயையும் எடுத்துக்கொண்டாள். வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. இப்போது 'தட்டி' வந்துவிட்டது. நானும் தினமும் கரியனுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிறேன். இன்னும் குனியவில்லை. ஜீப்னி விளையாட்டில் சுருட்டுப் பிடிக்கும் அந்தப் பேயைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றுகிறது. "எங்க பேய் இப்படிப் பிடிக்காது, அப்படித்தான் பிடிக்கும்" என்று அங்கேயும் யாரோ ஒரு அம்மா வந்து திருத்தியிருப்பார்.

போக நினைப்பவர்களுக்கு: பஸ் என்றால் ஓசூரில் கிருஷ்ணகிரி வண்டி ஏறுங்கள், குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் நிற்குமா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எருது பார்க்க தை, மாசி, மாம்பழத்துக்கு வைகாசி. சொந்த வண்டியில் போனால் மாட்டுக் கொட்டகையை ஒட்டி நிறுத்த வேண்டாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கரியன் டிரைவர் பக்க வைப்பர் ரப்பரை மென்று தின்றிருந்தது. வெங்கடப்பாவிடம் சொன்னேன், எருதுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொன்னார். திரும்பும்போது சூளகிரியில் மழை பிடித்தது. இடது பக்க வைப்பர் நன்றாக வேலை செய்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த செல்வி, ரோடு தெளிவாகத் தெரிகிறது என்றாள்.