நான் சரிசெய்த நான்கு தகடுகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதம், டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டு கராஜில் தொடங்கியது இது. எனக்கு அப்போது எழுபத்தொன்று. தொலைத்தொடர்பு கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் சர்க்யூட் வடிவமைத்து ஓய்வு பெற்றவன். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டமும் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த தப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

ஓய்வுக்குப் பிறகு, அறுபதுகளில் வந்த ஒரு பழைய செடான் கார் வாங்கினேன். ஸ்டியரிங்கை நாலு விரற்கடை திருப்பினால்தான் சக்கரம் அசையும். குழி வந்தால் முன்பக்கம் லொடலொடக்கும். பக்கத்து ஊரில் கீழக்கரைக்காரர் ஒருவர் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். இந்தப் பகுதித் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் பாய். எங்கள் வண்டிகளுக்கு ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் அவர்தான். பழைய வண்டி என்றால் தனி ஆசையோடு வேலை செய்வார். முன் சக்கரங்களைத் தாங்கும் பால் ஜாயின்ட், சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு முனைகள் எல்லாம் புதிதாகப் போட்டு, அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு ஓட்டி வந்தபோது வண்டி கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, வண்டியின் அடிச்சட்டத்தில் துரு சுரண்டி பெயின்ட் அடிக்கலாம் என்று முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றினேன். சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கை போன்ற பாகம், முன்னொன்று பின்னொன்றாக இரண்டு போல்ட்டுகளால் சட்டத்தோடு இணைந்திருக்கும். நடுவில் ஷிம் என்னும் மெல்லிய இரும்புத் தகடுகள். வலது பக்கம் இரண்டு போல்ட்டிலும் இரண்டிரண்டு தகடுகள் இருந்தன. இடது பக்கம் முன் போல்ட்டில் ஒன்று, பின் போல்ட்டில் மூன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்காத மனிதர், கைக்கு வந்ததைச் செருகியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அவரிடம் காட்டலாம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு நட்டுகளைத் தளர்த்தி, இடது பக்கத்தையும் இரண்டிரண்டாக்கி இறுக்கினேன். மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மனைவியோடு ஃப்ரீவேயில் போகும்போது வண்டி தானாக இடது பக்கம் இழுத்தது. நடுவில் கான்கிரீட் சுவர். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தும் சுவருக்கு ஒரு முழம் வரை போய்த்தான் திரும்பியது. பின்னால் வந்த லாரியின் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

வீடு வந்ததும், எங்கள் ஊர்த் தமிழர்கள் நானூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கடையின் பெயரைப் போட்டு, "உயிருக்கு ஆபத்தான வேலை, யாரும் போகாதீர்கள்" என்று. நான் பெரியவன், படித்தவன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பாய் மட்டும் ஒரு வரி போட்டார்: "சார், வண்டிய ஒருதடவ கொண்டு வாங்க, நான் பாக்குறேன்." நான் பதில் போடவில்லை. குழுவில் வியாபாரம் பேசக்கூடாது என்ற விதியைச் சொல்லி அட்மின் அவரை நீக்கினார். அதற்கு நான் கட்டைவிரல் உயர்த்தினேன்.

தகடுகளை மாற்றியது அப்போது ஞாபகமே இல்லை என்றால் பொய். ஞாபகம் இருந்தது. ஆனால் அது தப்பாக இருக்கும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. நான் அவர் தப்பைத் திருத்தியவன் அல்லவா.

இரண்டு நாள் கழித்து, குழுவில் இருந்த ஒரு டாக்டர் பெண் மட்டும் தனியாகக் கேட்டாள்: "அங்கிள், அவர் வேலைதான் காரணம்னு கன்ஃபர்ம் பண்ணீங்களா?" சுருக்கென்றது. ஆதாரத்தோடு நிரூபிக்கிறேன் பார் என்று ஒரு நோட்டை எடுத்தேன்.

முதலில் காற்று. அளவு சரியாக இருந்தது. முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டேன். டயர் காரணமென்றால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. ஓட்டிவிட்டு வந்து சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்று மட்டும் சுடும். இரண்டும் ஒரே சூடு. கடப்பாரையால் நெம்பியும் பால் ஜாயின்ட் மயிரிழைகூட அசையவில்லை. கடைசியாக டை ராடு. மனைவியை ஸ்டியரிங் முன் உட்காரவைத்து, நான் கீழே படுத்து டார்ச் அடித்தேன்.

"என்னங்க, இன்னும் எவ்ளோ நேரம் ஆட்டணும்? கை வலிக்குது."

"பாய் போட்டதுல லூஸ் தெரியற வரைக்கும்."

"தெரியலேன்னா?"

"தெரியும். நீ ஆட்டு."

"நல்லா இருக்கு. தப்பு கிடைக்கலேன்னா நீங்களே ஒண்ணு செஞ்சு வச்சிடுவீங்க போல."

லூஸ் தெரியவில்லை. ஆறு வாரம் இப்படி விடாமல் தேடினேன். நோட்டில் அவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் எதிரே என் கையெழுத்தில் "சரி" என்று இருந்தது.

எனக்கு மிஞ்சியது தகடுகளை எடுத்த அந்தப் படம் மட்டும்தான். அதைக் குழுவில் போட்டு, எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடலாம் என்று அந்த வண்டியின் பழைய பழுதுபார்ப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தகடுகள் சமமாக இருக்கத் தேவையில்லை என்றிருந்தது. சக்கரம் பின்னோக்கிச் சாயும் கோணத்தைத் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. ஒன்று இடம் மாறினாலும் கோணம் மாறும். கோணம் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். நான் குறைத்தது இடது பக்கத்தை. அவரைக் குற்றவாளியாக்க எடுத்த படத்தில் இருந்தது அவருடைய சரியான வேலை.

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

ஃப்ரீவே பக்கம் போகாமல், உள் சாலைகளில் மெதுவாக ஓட்டிப் போனேன். பாய் தனியாக இருந்தார். படத்தைக் காட்டி, செய்ததை வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த வண்டி எப்பவோ இடது பக்கம் அடி வாங்கியிருக்கு சார். சட்டம் லேசா விலகியிருக்கு. அதுக்காகத்தான் ஒண்ணு, மூணு. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அங்கே வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட்டுகள் இரண்டு உண்டு. ஒன்றின்மேல் யாரோ கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிம் சுருள்களை அடுக்கியிருந்தார்கள். கேட்டேன். "அந்த இடத்த வாடகைக்கு விட்டுட்டேன் சார். வண்டி வரல" என்றார். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. தகடுகளைப் பழையபடி மாற்றி, மெஷினில் அளந்து, அளவுகள் அச்சான தாளை நீட்டினார். "குரூப்ல போடறதுனா இதையும் சேத்துப் போடுங்க."

அன்றே போட்டேன், படம், தாள், நான் செய்த காரியம், எதையும் விடாமல். கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. "என்ன நேர்மை அங்கிள்!" என்றார்கள். பாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. திரும்பச் சேர்க்கச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "வேணாம் சார், அது இல்லாம நல்லாத் தூக்கம் வருது" என்றார்.

போன மாதம் இந்தியன் மளிகைக்கடை வாசலில், சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒரு பையன் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சூப்பர் அங்கிள்! எங்க சர்வீஸ் பண்றீங்க?" சொன்னேன்.

"ஐயோ, அங்கயா? போகாதீங்க அங்கிள். அங்க வேலை பாத்த வண்டில ஒரு பெரியவர் ஃப்ரீவேல சாக இருந்தாராம்."

"அந்தப் பெரியவர் நான்தான் தம்பி" என்று பானட்டைத் திறந்தேன். அவன் கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. நான் விடவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் மூன்று என்று தொட்டுக் காட்டினேன்.

ஒரு நொடியில் நானூறு பேருக்குச் சொன்ன பழியை இப்படி ஒவ்வொருவராக நிறுத்தித்தான் திரும்பப் பெற முடிகிறது. பானட்டைத் தூக்க என் கையில் வலு இருக்கும்வரை அதைச் செய்துகொண்டிருப்பேன்.