விதானையார் நட்ட கம்புகள்

சின்னத்தம்பி விதானையார் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்ற செய்தியைப் புளியங்குளத்திலிருந்து வந்த பஸ் கொண்டக்டர், பத்திரிகைக் கட்டோடு சேர்த்துச் சந்திக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். சாகுமுன் யாரிடமாவது சொல்லியிருப்பாரோ என்ற பயம். எதை என்று, அவரை அறிந்த ஊரவர் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் விதானை என்றபடியால் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் அவர்தான் பொறுப்பு. நாங்களோ யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். கிணற்றடியில் அள்ளிக் குளித்துப் பழகியவர்கள். மாரி முடிந்ததும் குளிக்கும் துறையில் அவர் தனியே இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் தடியால் குத்திக் குத்தி ஆழம் பார்த்து நடப்பார். பிறகு வெள்ளைத் துணி கட்டிய கம்புகளை எல்லையாக நடுவார். அவர் கரையேறும்வரை ஒருவரும் கால் நனைக்கக் கூடாது. "போன வருசம் நட்ட இடத்திலையே நடலாம்தானே?" என்று ஒருமுறை கேட்டேன். "இது போன வருசத்துக் குளம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, செயலாளர்?" என்றார். நான் அப்போது கிராம முன்னேற்றச் சங்கச் செயலாளர். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வருடம் கம்புகளை வழக்கத்தைவிடக் கரைக்குக் கிட்ட நட்டார். அதற்கப்பால் அல்லிக்கொடிப் பக்கம் விரால் கொழுத்துக் கிடப்பது ஊரறிந்த விஷயம். மனுசன் தன் சொந்தக்காரருக்கு மீன்பிடிக்க இடம் ஒதுக்குகிறார் என்று எனக்குப் பட்டது. பட்டது என்ன, முடிவே கட்டிவிட்டேன். அவர் வவுனியாவுக்குப் போயிருந்த ஒரு நண்பகலில் ஐந்து கம்புகளையும் பிடுங்கிப் பற்றைக்குள் எறிந்தேன். யார் மீன் பிடிக்க வருகிறான் பார்ப்போம் என்று அணைக்கட்டில் குடையுடன் குந்தியிருந்தேன். ஒரு கொக்குத்தான் வந்தது.

மறுநாள் காலை என் மனைவி கமலம் அயல் பெண்களுடன் குளிக்கப் போனாள். அணைக்கட்டு உயர்த்த மண் வெட்டிய பழைய கிடங்கு ஒன்று, ஆள் தாழும் குழி, அங்கே தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. அதன் ஓரம் அந்த மாரியில் இடிந்து கரைப்பக்கம் வந்துவிட்டது. கமலம் ஓர் அடி கூடுதலாக வைத்தாள், தாழ்ந்தாள். பெண்கள் கத்திய சத்தத்துக்கு, வவுனியாவிலிருந்து திரும்பி மதகடியில் நின்ற விதானையார்தான் ஓடிவந்து குதித்து, தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்.

அன்று பின்னேரம் சங்கம் கூடியது. "கம்பு நட்டிருந்தால் அந்தப் பிள்ளை ஏன் தாழப் போறாள்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நட்டனான்" என்றார் விதானையார்.

"நட்டால் எங்கை?"

விதானையார் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். என் முகத்தில் அவர் கண் சற்று அதிகம் நின்றதாக அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். விதானையார் கவனக்குறைவாக இருந்தார் என்று கூட்டக் குறிப்பில் எழுதியது நான். என் மனைவியின் உயிரைக் காப்பாற்றியவரைப் பற்றி, என் கையாலேயே. எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன் என்பதுதான் வெட்கம்.

அடுத்த மாரி முடிந்ததும் கம்புக்கட்டோடு என் வாசல் படலையில் வந்து நின்றார். "வாங்கோ செயலாளர், இந்தமுறை நீங்கள் நடுங்கோ. தான் நட்டதைப் பிடுங்க ஆருக்கும் மனம் வராது."

தெரிந்துதான் சொல்கிறாரா? விலை பேச வந்திருக்கிறாரா? அன்றுமுதல் அவர் சிரித்தாலும் சந்தேகம், தயிர் கொண்டுவந்து தந்தாலும் சந்தேகம். வருடாவருடம் அவர் ஆழம் பார்ப்பார், நான் நடுவேன். இன்று கேட்பார், நாளை கேட்பார் என்று பத்து வருடம் காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

செத்த வீட்டில் உங்களில் சிலர், "தங்கமான மனுசன், அந்தக் கம்பு விசயத்திலை மட்டும்தான்..." என்று இழுத்தீர்கள். பக்கத்தில் நின்றும் நான் வாய் திறக்கவில்லை. கமலத்துக்கே நேற்றுத்தான் சொன்னேன். அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த வேலைதான். இந்த மாரிக்குப் பிறகு ஆழமும் நானே பார்ப்பேன். ஆனால் யாராவது கரையில் நின்று என்னைக் கவனியுங்கள். பத்து வருடமாக அவர் ஒருநாளும் என்னை அந்தக் கம்புகளோடு தனியே விட்டதில்லை.