சந்தனத்துக்குள் ஒளிந்த கார் நம்பர்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியில் எசன் நகரத்துக்குப் பக்கத்தில், தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பிள்ளையார் கோயிலில் நடந்தது இது. அன்றைக்கு எங்கள் புது மின்சாரக் காருக்குப் பூசை.

எனக்கே எனக்கென்று வாங்கிய முதல் கார் அது. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதுவரை வேலையிடத்துப் பழைய காரில்தான் ஓடித் திரிந்தேன். மின்சாரக் கார் வாங்கினால் அரசாங்கம் ஒரு நல்ல தொகையை உதவியாகத் தந்த காலம். அதை நம்பித்தான் துணிந்து இறங்கினோம். அந்தப் பணம் வராவிட்டால் இந்தக் கார் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, விற்கத்தான் வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

என் கணவர் நாள், நட்சத்திரம் பார்க்காமல் ஒரு நகவெட்டிகூட வாங்கமாட்டார். "மார்கழி பிறக்க முதல் எடுத்துப்போட வேணும். பிறகு தை பிறக்குமட்டும் ஒண்டும் தொடங்கேலாது" என்று கார் கடைக்காரரை ஓட ஓட விரட்டினார். நான் ஆசைப்பட்ட சிவப்பு நிறம் வரும்வரை பொறுக்காமல், கடையில் நின்ற வெள்ளைக் காரையே பதிவு செய்து எடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நிறைய அவகாசம் இருக்கிறதே, கிறிஸ்மஸ் விடுமுறையில் ஆறுதலாகப் பார்ப்போம் என்று அதை மட்டும் தள்ளிப் போட்டுவிட்டோம்.

கார்த்திகையின் கடைசி நாள் பூசைக்குப் போனோம். காருக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. இவருக்கு அதுவும் போதவில்லை. கார்த் திறப்புக்கொத்து, வாங்கிய பில், பதிவுப் பத்திரம் எல்லாவற்றையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து ஐயரிடம் கொடுத்தார். தட்டு உள்ளே போன கையோடு என் போன் அதிர்ந்தது. வேலையிடத்துத் தோழி அனுப்பிய செய்தி. மின்சாரக் காருக்கான உதவித்தொகையை அரசாங்கம் திடீரென்று நிறுத்துகிறது, நாளைக்குப் பிறகு விண்ணப்பம் எடுக்கமாட்டார்கள், இணையப் பக்கம் இப்போதே திணறுகிறது, உடனே போடு என்று எழுதியிருந்தாள்.

விண்ணப்பத்துக்கு வேண்டிய பத்திரங்கள் எல்லாம் பிள்ளையாரின் காலடியில். ஐயரோ ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர், நட்சத்திரம் கேட்டுக் கேட்டு நிதானமாக அர்ச்சனை செய்துகொண்டிருந்தார். நடுவில் புகுந்து தட்டைப் பறிக்கவா முடியும்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ன விஷயம் என்று கணவரின் காதில் சொன்னேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னும் உருக்கமாகக் கும்பிடத் தொடங்கினார்.

ஒருவழியாகத் தட்டு வெளியே வந்ததும் அள்ளிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்கு ஓடினேன். போனில் பக்கம் திறந்தால்தானே! திறக்கும், பாதியில் நிற்கும், திரும்பவும் முதலிலிருந்து வரும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், முன்பின் தெரியாதவர், என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். என்னைவிடச் சின்னவர். நான் விஷயத்தைச் சொன்னதும், "நாளையோட நிப்பாட்டினமோ?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "தாங்கோ அக்கா, பாப்பம். என்ர லப்டொப் காருக்குள்ள கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்" என்று எழும்பினார்.

அவருடைய கைக்கு அந்தப் பக்கம் பணிந்தது என்றுதான் சொல்லவேண்டும். எந்தக் கட்டத்தில் என்ன கேட்பார்கள், எந்தப் பத்திரத்தை எங்கே சேர்க்கவேண்டும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கடகடவென்று நிரப்பிக்கொண்டு வந்தவர், காரின் அடிச்சட்ட நம்பரைக் கேட்ட இடத்தில் நின்றுவிட்டார். பில்லிலும் பதிவுப் பத்திரத்திலும் ஐயர் பார்த்துப் பார்த்துச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தது சரியாக அந்த நம்பரின் மேலேதான்!

நான் சேலைத் தலைப்பால் தேய்க்கப் போனேன். "ஐயோ அக்கா, தேய்க்காதேங்கோ, மையும் சேர்ந்து போயிடும்!" என்று அவர் தடுத்தார். காரின் முன் கண்ணாடியின் கீழ் மூலையிலும் அந்த நம்பர் இருக்கும் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு டிசம்பர் மழைக்குள் பாய்ந்துவிட்டார். வாசலில் நான், காருக்குப் பக்கத்தில் அவர். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கத்த, நான் உள்ளே திரும்பிக் கத்த, அந்தப் பெண் தட்டச்சு செய்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் முழுக்கச் சோற்றை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தது. அதற்குள் சந்தனம் காய்ந்திருந்தது. அந்தப் பெண் நகத்தால் மெல்லச் சுரண்டியதும் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. பத்திரங்களைப் படம் பிடித்துச் சேர்த்தோம். பக்கம் நின்று, யோசித்து, எங்களை நன்றாகச் சோதித்துவிட்டு, விண்ணப்பம் கிடைத்துவிட்டது என்று சொன்னது.

நான் போட்ட சத்தத்தில் ஐயரே எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்ததில் பாயசம் அவருடைய சேலையில் கொட்டியது. என் கணவருக்குச் சொல்லவா வேண்டும்? "பாத்தீரே, மார்கழிக்கு முதல் எடுத்தபடியாத்தான் தப்பினம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். நானும் தலையாட்டினேன். வெள்ளை நிறமாவது சிவப்பு நிறமாவது!

அப்போதுதான், இதெல்லாம் எப்படி இவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் சேலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கட காரும் போன கிழமை கடைக்கு வந்திட்டுது அக்கா. மார்கழி வரப்போகுது, தையில பதிஞ்சு எடுப்பம் எண்டு வீட்டில சொல்லிப்போட்டினம். அதுக்குள்ள உதவிக்காசுக்கு அன்ட்ராக் போடுறதை எல்லாம் படிச்சு வச்சிருந்தனான். பதியாத காருக்குப் போடேலாதுதானே. நாளைக்கு ஞாயிறு, பதியிற ஒபிசும் பூட்டு."

என் கணவரின் நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கியது. நாங்கள் பார்த்ததும் அவர்கள் பார்த்ததும் ஒரே பஞ்சாங்கம்தான். எங்களை அவசரப்படுத்திய அதே மார்கழி அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டு, "ஒருக்கா ஏத்திக்கொண்டு போங்கோவன் அக்கா, சத்தமே கேக்காதாமே" என்றார். தேசிக்காய் நசுங்க அந்தக் காரின் முதல் பயணத்தை அவரோடுதான் போனோம். முன் இருக்கையில் இருந்து, மழையில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் காரை அவர் சின்னப் பிள்ளைபோல ரசித்தார்.

இப்போது திரும்பவும் மின்சாரக் காருக்கு உதவித்தொகை என்று செய்தி வந்ததும், என் கணவருக்குக்கூடச் சொல்லாமல் முதலில் அந்தப் பெண்ணுக்குத்தான் போன் எடுத்தேன். பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிய அந்த நேரத்தில், தன் கார் கைவிட்டுப் போனது அவருக்குத் தெரியும். அது தெரிந்துகொண்டே என் காரைக் காப்பாற்ற ஓடிய மனசு, எனக்கு வந்திருக்குமா என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.