பத்து ஜெபத்துக்கு எத்தனை உதை

இடது கை குழந்தையின் பாதங்களுக்கு அடியில், தொட்டும் தொடாமலும் விரிந்திருக்கிறது. வலது கையில் ஒரு முழக் கயிறு. உதடுகள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்கின்றன. உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தால், வலது கை ஒன்றே தனியாக ஒரு முடிச்சுப் போடும். பத்து ஜெபம் முடிந்ததும் அந்தக் கயிற்றின் கணக்கும் முடிந்தது.

கைகள் மரியானுடையவை. தூத்துக்குடியில் தோணிகளுக்குப் பாய் தைப்பவர். மிஞ்சும் கித்தான் துணியில் தெருப் பிள்ளைகளுக்குத் தொட்டில் தைப்பார். ஓயாமல் உதைக்கும் பிள்ளைக்கு அடியில் இரட்டைத் தையல். சும்மா கிடப்பதற்கு ஒற்றை போதும். பிள்ளையைப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார். “காத்தப் பாக்காம எவன்லே பாய் தைப்பான்?”

பசித்திருக்கும்போது ஒரு கயிறு, பால் குடித்தபின் ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று. எதையும் எறிவதில்லை. இருபத்து நாலு வருஷத்துக் கயிறுகள், பேர் எழுதிய துணித்துண்டுகளோடு, ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. பிள்ளைகள் வளர வளர, கயிற்றையும் ஆளையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்று கயிற்றிலும் சேர்த்து அறுபத்தொரு முடிச்சு விழுந்தவன் இப்போது புதுத் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் உச்சியில் உட்கார்ந்துதான் சோறு தின்பானாம். மரியானைப் பார்க்கப் போயிருந்த நான் அவன் கயிற்றை விரலால் உருவிப் பார்த்தேன். பேச்சு வராத வயதில் அவன் இருந்த இருப்பு கையில் தட்டுப்பட்டது. எனக்கு மேல் சிலிர்த்தது.

அன்று தொட்டில் கேட்டு வந்திருந்த பிளாரன்சின் மகனுக்கு மூன்று மாதம். மூன்று கயிற்றிலும் சேர்த்து நாலே முடிச்சு.

“கட்டை மாதிரி கெடக்கான் அண்ணாச்சி. மந்தம்னு மாமியா சொல்லுதாவ. அவரும் தூக்க மாட்டக்காரு.” கணவர் சிலுவைக்குத் தோணியில் வேலை. “உள்ளதச் சொல்லுங்க.”

மரியான் டப்பாவைக் கிளறினார். “இது ஜேசுபாதம். அஞ்சு முடிச்சு. இன்னைக்குச் சங்கு குளிக்கான். பக்கத்துல சுறா வந்தாலும் பதற மாட்டான்.” அவள் முகம் தெளிவதற்குள் இன்னொன்றை நீட்டினார். “இது நம்ம தெரு பேபி. ஆறு முடிச்சு. இப்ப அவ வாயும் காலும் ஒரு நிமிசம் சும்மா இருக்காளா?”

பிளாரன்சுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. “அப்ப இதுல என்னதான் தெரியும்?”

“பாதிக்கு மேல சரியா வந்திருக்கு. மிச்சத்த நான் தப்பா நெனச்சேன். அந்தக் கயிறும் இதுலதான் கெடக்கு.”

அப்போது மாதா கோயிலில் உச்சி மணி அடித்தது. குழந்தை அழவில்லை, காலை அசைக்கவில்லை. தலையை மட்டும் சத்தம் வந்த ஜன்னலுக்குத் திருப்பியது. மணி நின்ற பிறகும் அங்கேயே பார்த்தது. மரியான் பாய் ஊசியை வெயிலில் மெல்ல நகர்த்தினார். கண்கள் ஊசியோடு போய், ஊசியோடு திரும்பின. மூன்று முறை செய்து பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நானும் பார்த்தேன்.

“எங்கனளா மந்தம்? இவன் பாத்துக்கிட்டுல்லா கெடக்கான்!”

மூன்றாம் நாள் தொட்டிலை வாங்க சிலுவை வந்தார். அடியில் ஒற்றைத் தையல்தான். ஆனால் ஒரு பக்கத்தில் கித்தானைச் சாண் அகலத்துக்கு வெட்டியெடுத்து, அந்த இடத்தில் மீன்வலைத் துண்டை வைத்துத் தைத்திருந்தார் மரியான். ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை.

“ஏலே, இந்தப் பக்கம் வாசலப் பாத்து இருக்கணும். நீ போறதையும் வாரதையும் அவன் பாக்கட்டும்” என்று நீட்டினார்.

சிலுவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.